வெள்ளைச் சுறாவும் காட்சித் தொட்டியும்

வெள்ளைச் சுறாவை உயிருடன் தொட்டியில் வைத்துக் காட்ட 1950களிலிருந்தே மீன் காட்சியகங்கள் முயன்று வந்துள்ளன. பெரும்பாலான முயற்சிகள் சில நாள்களிலேயே சுறாவின் இறப்பிலோ விடுவிப்பிலோ முடிந்தன. 1955ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மரைன்லேண்ட் காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்ட சுறா ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

இதற்கு முதன்மையான காரணம் அந்த மீனின் மூச்சு முறையாகும். பெரும்பாலான மீன்கள் ஓரிடத்தில் நின்றபடியே வாயையும் செவுள் மூடியையும் அசைத்து நீரைச் செவுள்களுக்குள் செலுத்தும். வெள்ளைச் சுறாவால் அது இயலாது. முன்னோக்கி நீந்தினால்தான் செவுள்களின் வழியே நீர் பாயும். நின்றுவிட்டால் மூச்சு முட்டும். ஆகவே தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பது மட்டும் போதாது. சுவரில் மோதாமல் எவ்வளவு தூரம் நீந்தலாம், திரும்புவதற்கு இடம் உண்டா என்பவையே சுறாவுக்கு முக்கியம்.

1980ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் காட்சியகம் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. 'சாண்டி' என்று பெயரிடப்பட்ட, ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளமுள்ள பெண் சுறா மூலையே இல்லாத வளைய வடிவத் தொட்டியில் விடப்பட்டது. ஆனாலும் அது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மோதியது. ஆராய்ந்தபோது அந்த இடத்தில் மிக நுண்ணிய மின்னழுத்த வேறுபாடு இருந்தது தெரிந்தது. சுறாவின் மூக்குப் பகுதியிலுள்ள நுண்துளைகள் மின்புலத்தை உணரக்கூடியவை. மனிதர் அறியாத குறையை அது அறிந்துகொண்டது. மூன்றரை நாள்களுக்குப் பின் சாண்டி கடலில் விடப்பட்டது. அடுத்த ஆண்டு சான் டியேகோவின் சீ வேர்ல்டில் ஒரு சுறா 16 நாள்கள் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதுவே சாதனை.

அதை முறியடித்தது மான்டரே பே காட்சியகம். 2004இல் மீனவர் வலையில் தற்செயலாகச் சிக்கிய ஒரு பெண் குட்டியை உடனே தொட்டிக்குக் கொண்டுவராமல், கடலிலேயே பெரிய வலைக்கூண்டில் சில வாரங்கள் வைத்து, இரை உண்பதை உறுதிசெய்தனர். இந்தப் பொறுமைதான் வெற்றிக்கு வழிவகுத்தது எனலாம். பிறகு ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டியில் அது 198 நாள்கள் வாழ்ந்தது. பத்து லட்சம் பேர் அளவுக்கு வந்து பார்த்தனர்.

ஆனால் குட்டி குட்டியாகவே இருக்கவில்லை. வந்தபோது 28 கிலோ இருந்தது, ஆறரை மாதத்தில் ஏறத்தாழ 73 கிலோ ஆயிற்று. அதே தொட்டியிலிருந்த வேறு இனச் சுறாக்கள் இரண்டைக் கடித்துக் கொன்றது. 2005 மார்ச் இறுதியில் அது கடலில் விடப்பட்டது. கடலில் இந்த இனத்துக்கு எவ்வளவு இடம் தேவை என்பதும் அதே காலத்தில் தெரியவந்தது: தென்னாப்பிரிக்காவில் அடையாளக் கருவி பொருத்தப்பட்ட 'நிக்கோல்' என்னும் சுறா 99 நாள்களில் ஆஸ்திரேலியக் கரையை அடைந்து, ஒன்பது மாதத்துக்குள் திரும்பியும் வந்திருந்தது.

2011 வரை மான்டரேயில் மொத்தம் ஆறு குட்டிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. கடைசிச் சுறா 55 நாள்கள் கழித்து விடுவிக்கப்பட்ட சிறிது நேரத்திலேயே இறந்தது. அதன்பின் அங்கு வெள்ளைச் சுறா காட்சிக்கு வைக்கப்படவில்லை. 2016 ஜனவரியில் ஜப்பானின் ஒக்கினாவா காட்சியகம் 3.5 மீட்டர் நீளமுள்ள ஓர் ஆண் சுறாவை வைத்துப் பார்த்தது. மூன்றாம் நாள் அது இறந்தது.