தன்குறி வழக்கம்: செய்தவரும் பெயரிட்டவரும்

நூலுக்குரிய முப்பத்திரண்டு உத்திகளை வகுத்துரைக்கும் பவணந்தியார், அவற்றுள் ஒன்றாகத் 'தன்குறி வழக்கம்' என்பதையும் வைக்கிறார். ஆசிரியன் தானே ஆக்கிக்கொண்ட குறியீட்டை நூலின் பல இடங்களிலும் எடுத்தாளுதல் என்பது இதன் கருத்து. தொல்காப்பிய மரபியலும் 'தான் குறியிடுதல்' என்று இதனைச் சுட்டும். இலக்கணிகள் இதற்கு இசைவளித்த காரணம் எளியது. 'குற்றியலுகரம்' என்றொரு சொல்லை ஒருமுறை நிறுவிவிட்டால், பிறகு அதனை ஒவ்வோரிடத்திலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குறி என்பது சுருக்கத்திற்கான கருவி.

ஆனால் குறிக்கு இன்னொரு பயனும் உண்டு. அது இட்டவரை நினைவில் நிறுத்துகிறது. குறுந்தொகையில் இயற்பெயர் மறைந்துபோன புலவர்கள் சிலர் தம் பாட்டில் அமைந்த தொடராலேயே செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், கல்பொரு சிறுநுரையார் என்று வழங்கப்படுகின்றனர். அங்கே ஆளைப் பெயர் காப்பாற்றவில்லை. சொல்லே ஆளைக் காப்பாற்றியது. அந்தப் பெயரைப் புலவர் தாமே சூட்டிக்கொள்ளவில்லை, பின்வந்தோர் சூட்டினர் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

இருபதாம் நூற்றாண்டில் தன்குறி வழக்கத்தை ஒரு தொழிலாகவே வளர்த்தவர்கள் நிர்வாக ஆலோசகர்கள். ஆலோசகரிடம் விற்பதற்குச் சரக்கு என்று ஒன்றும் கிடையாது. அவர் விற்பது தம் அறிவின் மீது பிறர் கொள்ளும் நம்பிக்கையை. புரூஸ் ஹெண்டர்சன் 1963இல் தொடங்கிய பாஸ்டன் கன்சல்டிங் குரூப், 1970இல் நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு படத்தை வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் தொழில்களை, சந்தையின் வளர்ச்சியையும் அதில் நிறுவனம் பெற்றுள்ள பங்கையும் கொண்டு, நட்சத்திரம், கறவைப்பசு, கேள்விக்குறி, நாய் என நான்காகப் பிரிக்கும் படம் அது. சிக்கலான நிதிக் கணக்கு ஒன்று, எவரும் தாளில் வரைந்து காட்டக்கூடிய சித்திரமாயிற்று. படத்தை வரைந்தவர்கள் எல்லாம், அறிந்தோ அறியாமலோ, அந்த நிறுவனத்தின் விளம்பரதாரர்களாயினர். பத்தாண்டு கழித்து மெக்கின்ஸி நிறுவனத்தார் ஏழு 'எஸ்' எழுத்துகளைக் கொண்டு ஒரு சட்டகம் அமைத்தனர். எண், படம், எளிய பெயர் ஆகிய மூன்றும் கூடினால் ஒரு சட்டகம் பிறந்துவிடும் என்ற பாடத்தை உலகம் கற்றுக்கொண்டது.

இந்தக் கலையில் உலக அளவில் முதலிடம் பெற்றவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர். கோயம்புத்தூர் கிருஷ்ணராவ் பிரகலாத் என்னும் சி.கே. பிரகலாத் 1941இல் பிறந்தார். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் பயின்று, யூனியன் கார்பைடு ஆலையில் வேலை பார்த்து, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் தொடக்க கால மாணவராகி, ஹார்வர்டில் ஆய்வுப்பட்டம் பெற்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1990இல் கேரி ஹேமலுடன் சேர்ந்து 'ஹார்வர்டு பிசினஸ் ரெவ்யூ' இதழில் அவர் எழுதிய கட்டுரை 'மையத் திறன்' என்ற சொல்லை உலகுக்குத் தந்தது. நிறுவனம் ஒரு மரம். நாம் வாங்கும் பொருள்கள் இலையும் கனியும். மரத்தை நிறுத்தும் வேரே மையத் திறன் என்றார். அந்தச் சொல்லைச் சும்மா விட்டுவிடவில்லை. மூன்று சோதனைகளையும் உடன் வைத்தார். பல சந்தைகளுக்கு வழி திறக்கிறதா? வாங்குபவர் உணரும் பயனுக்குப் பெரும்பங்கு அளிக்கிறதா? பிறர் எளிதில் போலச்செய்ய முடியாததா? இம்மூன்றிலும் தேறாதது மையத் திறன் ஆகாது. குறிக்கு இலக்கணம் வகுத்த முறை இது.

2002இல் ஸ்டூவர்ட் ஹார்ட்டுடன் எழுதிய கட்டுரையிலும், 2004இல் வந்த நூலிலும் அவர் அடுத்த குறியை நிறுவினார்: 'பிரமிடின் அடித்தளம்'. உலகின் ஏழை மக்கள் 400 கோடிப் பேரை இரக்கத்துக்குரியோராகக் காணாமல் வாங்குவோராகக் காண வேண்டும் என்பது அதன் சாரம். பெருநிறுவனங்களும் வளர்ச்சி அமைப்புகளும் இச்சொல்லை ஏற்றுக்கொண்டன. உலகின் தலைசிறந்த மேலாண்மைச் சிந்தனையாளர்களை வரிசைப்படுத்தும் 'திங்கர்ஸ் 50' பட்டியலில் 2007இலும் 2009இலும் பிரகலாத்தே முதலிடம் பெற்றார். 2010 ஏப்ரலில் மறைந்தார்.

இனி அந்த நூல் சான்றாகக் காட்டிய செயல்கள் எங்கே நடந்தன என்று பார்த்தால், கதை மிச்சிகனிலிருந்து நம் ஊர்களுக்குத் திரும்புகிறது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் செலுத்துவோரிடம் வரும் வருவாயில் செலுத்த இயலாதோருக்கும் கண்புரை அறுவை நடந்தது. 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளை உள்நாட்டிலேயே செய்து விலையைக் குறைத்தது. கடலூரில் சின்னி கிருஷ்ணன், கூலித் தொழிலாளியும் வாங்கத்தக்க சிறு உறைகளில் பொருளை அடைத்து விற்கலாம் என்று கண்டவர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியே தொடங்கிய தொழில் சிக் ஷாம்புவாக வளர்ந்து, பெட்டிக்கடைகள்தோறும் சரமாகத் தொங்கியது. 'பிரமிடின் அடித்தளம்' என்ற நூல் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இவையெல்லாம் நடந்தேறிவிட்டன. செய்தவர்கள் செய்கைக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தவருக்கே உலக மேடை கிடைத்தது.

இதனைத் திருட்டு என்று சொல்வது பொருந்தாது. பிரகலாத் எவர் பெயரையும் மறைக்கவில்லை. அரவிந்த் பற்றிய ஆய்வு அந்நூலில் பெயரோடு உள்ளது. சிதறிக் கிடந்த செயல்களை ஒரே வகையாகக் காண்பதும் ஓர் அறிவுச் செயலே. தொகைநூல் தொகுத்தவர்க்கும் அப்பெருமை உண்டு. ஆயின் குறி வலுப்பெற்றதும் ஓர் ஆபத்து நேர்கிறது: பொருள் குறிக்கு ஏற்ப வளைக்கப்படுகிறது. அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அனீல் கர்னானி, 2007இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை ஒரு கானல்நீர் என்றார். ஏழைகளின் சந்தை மிகைப்படுத்திக் காட்டப்படுகிறது. சான்றுகளில் பல, உண்மையில் ஏழைகளைப் பற்றியனவல்ல. ஏழையை நுகர்வோராகப் பார்ப்பதைவிட உற்பத்தியாளராகப் பார்த்து அவர் வருவாயை உயர்த்துவதே வழி என்பது அவர் வாதம். மதுரை மருத்துவமனையும் கடலூர் ஷாம்பு உறையும் ஒரே பெயருக்குள் அடங்குமா என்று எண்ணிப் பார்த்தாலே வாதத்தின் கூர்மை விளங்கும். ஒன்று பார்வை தந்தது, மற்றொன்று விற்பனை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்பு இந்தப் பழைய கலை புதுவேகம் பெற்றிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு ஆலோசகர்கள் திரளாக எழுந்துள்ளனர். தமக்கென ஒரு சட்டகம் வேண்டும், அதற்குப் பெயர் வேண்டும், பெயரை வணிகக்குறியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு ஓதப்படும் முதற்பாடம். இதில் சட்டத்தின் நுட்பமும் உண்டு. பதிப்புரிமைச் சட்டம் கருத்தைக் காப்பதில்லை, கருத்தின் வெளிப்பாட்டையே காக்கும். ஆகவே கருத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாதவர் பெயரைச் சொந்தமாக்கிக்கொள்கிறார். ஆண்ட்ரூ இங் 2018இல் வெளியிட்ட மாற்றக் கையேட்டின் படிகளோடு ஒப்பிட்டால், இன்று சந்தைக்கு வரும் பல சட்டகங்கள் பழைய சரக்குக்குப் புதிய உறை என்பது தெரியும். சிறிதாகத் தொடங்கு, ஆட்களுக்குப் பயிற்சி கொடு, தரவைச் சீர்செய், விளைவை அள என்பவற்றை ஐந்தெழுத்தாகவோ ஏழெழுத்தாகவோ கோத்துவிட்டால் புதிய தத்துவம் ஆகிவிடுவதில்லை.

குறியின் பெறுமதியை எதனால் அளப்பது? திருப்பத்தூரில் இருந்துகொண்டு இதற்கு விடை தேடுபவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜவ்வாது மலையின் காவலூரில் வானாய்வு மையம் அமைய இடம் தேர்ந்தவர் வைணு பாப்பு. 1957இல் அவரும் ஒலின் வில்சனும், விண்மீன்களின் ஒளிநிரலில் கால்சியத்தின் ஒரு குறிப்பிட்ட கோட்டின் அகலத்திற்கும் அம்மீனின் உண்மை ஒளிர்வுக்கும் உறவுண்டு என்று காட்டினர். கோட்டை அளந்தால் ஒளிர்வு தெரியும். ஒளிர்வு தெரிந்தால் தொலைவு தெரியும். வானியலார் அதனை 'வில்சன்-பாப்பு விளைவு' என்று அழைத்தனர். எவரும் தொலைநோக்கியைத் திருப்பிச் சரிபார்க்கலாம். பிழையாயின் பிழையென்று காட்டலாம். 1982இல் பாப்பு மறைந்தார். 1986இல் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டபோது, அதற்கு அவர் பெயரைச் சூட்டியதும் பிறரே. செம்புலப்பெயல்நீரார்க்கு நேர்ந்ததும் இதுதான்.

எல்லோரும் பிறர் பெயர் சூட்டும் வரை காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படியானால் தொல்காப்பியர் ஒரு குறியும் இட்டிருக்க முடியாது. தன்குறி இடுபவர் அதனோடு சோதனையையும் இட வேண்டும் என்பதே வேண்டுகோள். மையத் திறனுக்கு மூன்று சோதனைகள் இருந்தன. அதனால்தான் அதனோடு வாதிட முடிந்தது. நாளை ஆம்பூரின் காலணித் தொழிற்கூடத்திற்கோ வாணியம்பாடியின் தோல் பதனிடும் ஆலைக்கோ ஓர் ஆலோசகர் தம் ஏழெழுத்துச் சட்டகத்தோடு வரக்கூடும். உரிமையாளர் அவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டே: இந்தப் பெயரை நீக்கிவிட்டால் மீதம் என்ன நிற்கும்? எது நேர்ந்தால் இது தவறென்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்?

நூற்குற்றம் பத்தினுள் கடைசியாக நன்னூலார் வைத்தது 'நின்றுபயன் இன்மை'. சொல் நிற்கும், பயன் இராது. அந்த வினாக்களுக்கு விடை தராத சட்டகத்திற்கு எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் பெயர் இருக்கிறது.