ஊர்ப் பெயரும் கம்பெனிப் பணமும்: ஜப்பானியக் கால்பந்தில் 1998

1998 அக்டோபர் 23 அன்று ஜப்பானின் நீண்டகாலக் கடன் வங்கி அரசுடைமையாயிற்று. ஆறு நாள் கழித்து, 29ஆம் தேதி, யோகோஹாமா நகரின் ஃப்ளூகல்ஸ் என்ற கால்பந்துக் கிளப்பை அதே நகரின் மரினோஸ் கிளப்போடு இணைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. இணைப்பு என்பது கம்பெனிகள் பயன்படுத்திய சொல். ஒன்றை மூடிவிட்டு மற்றதை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வங்கி விழுந்தால் எல்லோரும் விழுவோம் என்று சொல்லிப் பொதுப்பணத்தைக் கொட்டினார்கள். கிளப் விழுந்தால் யார் விழுவது? அதற்கு யாரிடமும் பதில் தயாராக இல்லை.

கால்பந்தெல்லாம் நமக்கெதுக்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். ஒன்றை 'நம்முடையது' என்று ஆயிரக்கணக்கான பேர் உணர்வதற்கும், சட்டப்படி அது யார் கணக்கில் இருக்கிறது என்பதற்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. சாதாரண நாட்களில் அது கண்ணில் படாது. நிதி நெருக்கடியில் பட்டுவிடும். ஆலைத் தொழிலாளிக்கு இது பழைய பாடம். ரசிகனுக்கு இது எப்படிப் புதுப் பாடமாக வந்தது, அதில் ஒரு தேசிய லீக் எப்படி உருமாறியது என்பதற்கு 1990களின் ஜப்பானைவிடத் தெளிவான வரலாறு எனக்குத் தெரிந்து இல்லை.

1965இல் தொடங்கிய பழைய ஜப்பான் கால்பந்து லீக்கில் ஆடியவை பெரும்பாலும் கம்பெனி அணிகள். மிட்சுபிஷி, ஃபுருகவா மின்கம்பெனி, யவாத்தா இரும்பாலை, ஹிட்டாச்சி என்று பெயர்ப் பட்டியலே ஒரு தொழில் வழிகாட்டி மாதிரி இருக்கும். ஆடுகிறவன் கம்பெனி ஊழியன். காலையில் அலுவலகம், பிற்பகலில் மைதானம். பார்க்க வருகிறவர்களும் பெரும்பாலும் சக ஊழியர்கள். பேஸ்பாலில் நிலைமை வேறு. அது 1936இலேயே தொழில்முறை லீக்காகிவிட்டது. ஆனால் அங்கேயும் அணியின் பெயரில் பத்திரிகையும் ரயில்வேயும்தான் இருந்தன. 1954இல் ஜப்பானிய வரித்துறை ஒரு சுற்றறிக்கை விட்டது: பேஸ்பால் அணியின் நஷ்டத்தைத் தாய்க் கம்பெனி ஈடுகட்டினால் அதை விளம்பரச் செலவாகக் கணக்கில் காட்டலாம் என்று. அணி நஷ்டத்தில் ஓடுவது இதனால் நியாயமாகிவிட்டது. பெயர் தெரிந்தால் போதும்.

இதை உடைக்க வந்தவர் கவபுச்சி சபுரோ. ஃபுருகவாவின் பழைய ஆட்டக்காரர், ஜே லீக்கின் முதல் தலைவர். 1960இல் தேசிய அணியோடு ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போனவர், டூயிஸ்பர்க் விளையாட்டுப் பள்ளியின் புல்தரையைப் பார்த்து அசந்துபோனதைப் பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார். ஊர்க்காரர்கள் எல்லோருக்குமான மைதானம், எல்லா வயதினருக்குமான சங்கம். இந்தச் சித்திரத்தை வைத்துத்தான் ஜே லீக் கட்டப்பட்டது. அணியின் பெயரில் கம்பெனி இருக்கக்கூடாது, ஊர்தான் இருக்கவேண்டும் என்று விதி செய்தார்கள். மிட்சுபிஷி உராவா ரெட்ஸ் ஆயிற்று, டொயோட்டா நகோயா கிராம்பஸ் ஆயிற்று, மாட்சுஷிட்டா காம்பா ஒசாகா ஆயிற்று. ஃபுருகவாவும் கிழக்கு ஜப்பான் ரயில்வேயும் சேர்ந்து நடத்திய அணிக்கு ஜெஃப் யுனைட்டெட் என்று பெயர் வைத்தார்கள். ஜே, இ, எஃப் என்பவை ஜேஆர், ஈஸ்ட், ஃபுருகவா என்பதன் முதலெழுத்துகள்! வாசலில் தடுத்த கம்பெனி பின்கட்டு வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது. யோமியூரி பத்திரிகையின் அதிபர் வத்தனபே த்சுனேயோ இந்த நாசூக்கெல்லாம் பார்க்கவில்லை. காசு நாங்கள் போடுவோம், பெயர் ஊருக்கா என்று நேரடியாகச் சண்டை பிடித்தார். அவருடைய பத்திரிகை கவாசாகி வெர்டியை யோமியூரி வெர்டி என்றே எழுதிவந்தது. இந்தச் சண்டையில் கவபுச்சி முற்போக்கு, வத்தனபே பிற்போக்கு என்று நாம் சுலபமாகப் பிரித்துவிடலாம். ஆனால் உண்மையைப் பேசியது வத்தனபேதான். பெயர் ஊருடையது, பங்கு கம்பெனியுடையது.

'ஊர்' என்று நான் எழுதுகிற இடத்தில் ஜே லீக் 'ஹோம்டவுன்' என்ற ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டது. பிறந்த மண்ணைக் குறிக்க ஜப்பானிய மொழியில் 'ஃபுருசாதோ' என்ற கனமான சொல் இருக்கிறது. அதைத் தொடாமல் விட்டதில் ஒரு நேர்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

1993 மே 15 அன்று தோக்கியோ தேசிய மைதானத்தில் முதல் ஆட்டம். மொத்தம் 10 கிளப். அந்த வருஷம் ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 17,976 பேர் வந்தார்கள், அடுத்த வருஷம் 19,598. ஜீக்கோ, லினேக்கர், லிட்பார்ஸ்கி எல்லாம் அங்கே ஆடினார்கள். நில விலையும் பங்கு விலையும் சரிந்து ஏற்கெனவே இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. குமிழி உடைந்த பிறகும் குமிழியின் பழக்கம் போகவில்லை. அந்தப் பழக்கத்தில் பிறந்த குழந்தை இந்த லீக். 1997இல் சராசரி 10,131க்கு இறங்கிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் சான்யோ செக்யூரிட்டீஸ், ஹொக்கைடோ தகுஷோகு வங்கி, யமாயிச்சி செக்யூரிட்டீஸ் மூன்றும் ஒரே மாதத்துக்குள் சாய்ந்தன.

கம்பெனிகள் விளம்பரச் செலவைத்தான் முதலில் வெட்டும். கிளப் என்பது விளம்பரச் செலவு. கியூஷுவில் தோசு என்ற சின்ன ஊரின் கிளப்பை அதன் ஆதரவாளர் கைவிட்டு, 1997 ஜனவரியில் அது கலைக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் அடுத்த மாதமே சகான் தோசு என்று புதிதாகத் தொடங்கினார்கள். வடக்கே சப்போரோவில் கொன்சடோலே கிளப் முதல் தர லீக்குக்கு ஏறத் தகுதி பெற்ற வருஷத்தில்தான் அந்தத் தீவின் பெரிய வங்கியே மூழ்கியது. (ஹொக்கைடோக்காரர்களைக் குறிக்கும் 'தோசன்கோ' என்ற சொல்லைத் திருப்பிப்போட்டு ஒரு 'ஒலே' சேர்த்தால் கொன்சடோலே. இந்த மாதிரி விளையாட்டெல்லாம் நிறைய.) ஹிரத்சுகாவின் பெல்மாரே, நகாத்தா ஹிதேத்தோஷியை 1998இல் இத்தாலிக்கு அனுப்பியது. அடுத்த வருஷம் அதன் தாய்க் கம்பெனி ஃபுஜித்தா, கட்டுமானத் தொழிலில் அடிபட்டு விலகிக்கொண்டது. யோமியூரியும் 1998 முடிவில் வெர்டியை விட்டு வெளியேறியது. அவ்வளவு சண்டை போட்ட பெயரைக்கூட எடுத்துக்கொள்ளாமல்.

ஃப்ளூகல்ஸின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அது 1964இல் யோகோஹாமாவில் ஒரு வட்டாரச் சிறுவர் சங்கமாகத் தொடங்கியது. எந்தக் கம்பெனியும் பெற்றதல்ல. 1979இல் ஆல் நிப்பான் ஏர்வேஸ் விமானக் கம்பெனி ஆதரவுக்கு வந்து, மெல்லமெல்லத் தனதாக்கிக்கொண்டது. பழைய சங்கத்து ஆட்டக்காரர்கள் சிலர் இதை எதிர்த்து 1986இல் ஒரு லீக் ஆட்டத்தைப் புறக்கணித்தார்கள். தண்டிக்கப்பட்டார்கள். ஜப்பானியக் கால்பந்து வரலாற்றில் இது அடிக்குறிப்பாகத்தான் வரும், வந்தால். ஜே லீக் வந்தபோது சாத்தோ கோக்யோ என்ற கட்டுமானக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தது. கிளப்பின் பதிவுப் பெயரிலேயே இரண்டு கம்பெனிகளும் இருந்தன. சட்டையில் யோகோஹாமா, பத்திரத்தில் விமானமும் சிமென்ட்டும்.

1998இல் சாத்தோ கோக்யோ கையை விரித்தது. (2002இல் அது திவாலாகி நீதிமன்றத்துக்குப் போனது.) நஷ்டத்தில் இருந்த விமானக் கம்பெனி தனியாகச் சுமக்கத் தயாராக இல்லை. மரினோஸின் முதலாளி நிஸ்ஸானோடு பேசி முடித்துவிட்டார்கள். ஆட்டக்காரர்களையும் கேட்கவில்லை, ரசிகர்களையும் கேட்கவில்லை. நிஸ்ஸான் அப்போது ஏறக்குறைய 2 லட்சம் கோடி யென் கடனில் இருந்தது. ஐந்து மாதத்தில் ரெனோவின் காலில் விழுந்தது. ஒரு வருஷத்துக்குள் 21,000 வேலைகளை வெட்டப்போவதாக அறிவித்தது. அந்தத் தொழிலாளிகளையும் யாரும் கேட்கவில்லை. ரசிகனும் தொழிலாளியும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே வீட்டில், ஒரே கணக்குப் புத்தகத்தால் கழிக்கப்பட்டார்கள். ஆனால் கையெழுத்து இயக்கம் ஒன்றும் தொழிற்சங்கக் கூட்டம் ஒன்றும் சந்தித்துக்கொண்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

அறிவிப்புக்குப் பிறகு நடந்த முதல் ஆட்டத்தில் ஃப்ளூகல்ஸ் செரெசோ ஒசாகாவை 7–0 என்று அடித்தது. பிறகு தோற்கவே இல்லை. லீக்கில் மீதமிருந்ததையெல்லாம் ஜெயித்து, பேரரசர் கோப்பையிலும் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டியது. தோற்ற அன்றைக்குக் கிளப் இல்லாமல் போகும், அதனால் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். 1999 ஜனவரி 1, இறுதி ஆட்டம். எதிரே ஷிமிசு எஸ்-பல்ஸ். முதல் 10 கிளப்புகளில் கம்பெனி அணியாக இல்லாமல் ஊரிலிருந்தே வந்த ஒரே கிளப் அது. 1997இல் கடனில் மூழ்கி, ஊர்க்காரர்களின் கையெழுத்து இயக்கத்தாலும் உள்ளூர் சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி ஒன்று ஏற்றுக்கொண்டதாலும் உயிர் பிழைத்தது. சாகப்போகிறவனும் செத்துப் பிழைத்தவனும் ஆடிய ஆட்டம். ஃப்ளூகல்ஸ் 2–1 ஜெயித்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். மரினோஸின் பெயருக்கு முன்னால் 'எஃப்' என்று ஓர் எழுத்து ஒட்டப்பட்டது. அதுதான் நினைவுச் சின்னம்.

இதன் பிறகு லீக் மாறியது உண்மை. 1999இல் இரண்டாம் பிரிவு வந்தது. வெளிநாட்டு நட்சத்திரங்கள் அருகிப்போனார்கள். சம்பளங்கள் கீழே வந்தன. கிளப் கணக்குகளை லீக் பரிசோதிக்கத் தொடங்கி, பிறகு தனித்தனியாக வெளியிட்டது. 2013 பருவத்திலிருந்து உரிம முறை வந்தது: மூன்று வருஷம் தொடர்ந்து நஷ்டம் காட்டினால் இடமில்லை. 'ஹோம்டவுன்' என்ற அலங்காரச் சொல்லுக்கு வறுமைதான் உள்ளடக்கம் கொடுத்தது. மலைநாட்டு யமனாஷியின் வென்ட்ஃபோரே கோஃபு 2000இல் மூடும் கட்டத்துக்கு வந்தபோது, பிழைக்க மூன்று நிபந்தனை வைத்தார்கள்: ஆட்டத்துக்குச் சராசரி 3,000 பேர், 5,000 சந்தாதாரர், 5 கோடி யென் விளம்பரம். தெருக்கடைகளெல்லாம் ஏறி இறங்கினார்கள். காயம்பட்டவனைத் தூக்கிப்போகும் ஸ்ட்ரெச்சரில்கூட விளம்பரம் விற்றார்கள். நிபந்தனை நிறைவேறியது. 2022இல் இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே பேரரசர் கோப்பையை ஜெயித்தார்கள், அதுவும் யோகோஹாமாவில் நிஸ்ஸான் பெயர் தாங்கிய மைதானத்தில். 10 கிளப்பாகத் தொடங்கிய லீக் 2024இல் மூன்று பிரிவில் 60 ஆகியிருந்தது.

இதை 'நெருக்கடி தந்த நன்மை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கோஃபுவில் ஊர் கொடுத்தது பணம், உழைப்பு, நேரம். பதிலுக்குக் கிடைத்தது ஓட்டு அல்ல, இருக்கை. கம்பெனியின் நஷ்டத்தை ஊர் ஏற்றுக்கொண்டது, உரிமை மட்டும் கைமாறவில்லை. கவபுச்சி ஜெர்மனியிலிருந்து புல்தரையைக் கொண்டுவந்தார், சங்க உறுப்பினரின் ஓட்டுரிமையைக் கொண்டுவரவில்லை. இதில் ஒரு தற்செயல் உண்டு. ஃப்ளூகல்ஸ் அறிவிப்புக்கு ஐந்து நாள் முன்னால், 1998 அக்டோபர் 24 அன்று, ஜெர்மன் கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளைக் கம்பெனிகளாகப் பிரித்துக்கொள்ள அனுமதித்தது. ஆனால் ஓட்டில் பாதிக்கு மேல் தாய்ச்சங்கத்தின் கையில் இருக்கவேண்டும் என்று விதி போட்டது. மருந்துக் கம்பெனியின் லெவர்குசனுக்கும் கார் கம்பெனியின் வோல்ஃப்ஸ்பர்குக்கும் விலக்குக் கொடுத்தார்கள், ஆகவே அங்கேயும் புனிதம் எதுவும் இல்லை. இருந்தாலும் ஒரு கிளப்பை மூடப் பொதுக்குழு கூடியாக வேண்டும். யோகோஹாமாவில் இரண்டு கம்பெனி கூடினால் போதுமாயிருந்தது.

ஓட்டுரிமையைத் தாங்களே உண்டாக்கிப் பார்த்தவர்கள் ஃப்ளூகல்ஸ் ரசிகர்கள்தான். மரினோஸுக்குப் போக மறுத்து, பார்சலோனாவின் 'சோசியோ' உறுப்பினர் முறையைப் பார்த்து, 1999இல் யோகோஹாமா எஃப்சியைத் தொடங்கினார்கள். லிட்பார்ஸ்கி பயிற்சியாளர். 1999, 2000 இரண்டு வருஷமும் மூன்றாம் மட்டத்து லீக்கில் முதலிடம், 2001இல் இரண்டாம் பிரிவு. ஆட்டத்தில் ஏற ஏறச் செலவு ஏறியது. நிர்வாகத்துக்கும் உறுப்பினர்களுக்கும் தகராறு வந்து உறுப்பினர் முறை உடைந்தது. 2005இல் சாப்பாட்டு ஒப்பந்தக் கம்பெனி ஒன்று தாய்க் கம்பெனியாக வந்து உட்கார்ந்தது. 1964இன் சிறுவர் சங்கத்துக்கு நேர்ந்தது 1999இன் ரசிகர் சங்கத்துக்கும் நேர்ந்தது. தோற்றது கனவு என்று சொல்ல மாட்டேன். லீக்கின் விதிகள் சின்னவனைப் பெரியவனாகச் சொல்கின்றன, பெரியவனாக ஆவதற்குப் பணம் கம்பெனியிடம்தான் இருக்கிறது.

நெருக்கடி எப்போதும் ஊரை நோக்கித்தான் தள்ளும் என்பதும் இல்லை. 2020இல் கொள்ளைநோய் மைதானங்களை மூடியபோது, 1954இன் அந்தப் பேஸ்பால் சுற்றறிக்கையின் சலுகை ஜே லீக் கிளப்புகளுக்கும் பொருந்தும் என்று வரித்துறை தெளிவுபடுத்தியது. நஷ்டம் மறுபடி விளம்பரச் செலவாயிற்று. 2024இல் ஒமியாவின் கிளப்பை ரெட் புல் வாங்கியது. 2025 மே மாதம் நிஸ்ஸான் மறுபடி 20,000 வேலைகளை வெட்டவும், 17 ஆலைகளை 10 ஆக்கவும் திட்டம் வெளியிட்டது. இந்தத் தடவையும் கிளப் அதனிடமே இருந்தது, பெயருக்கு முன்னால் அந்த 'எஃப்' எழுத்தோடு.