முறுக்கை ஏன் வாங்கலை? ஹாலோவீன் மிட்டாயின் கதை

இன்னைக்கு எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி, எனக்கு நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிடறேன்.

வேலைக்காக நான் நியூ ஜெர்சிக்குப் போன முதல் வருஷம். அக்டோபர் 31, சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால், என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கடற்கொள்ளைக்காரன். பக்கத்தில் இன்னும் குட்டியாக ஒரு டைனோசர். ரெண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு வாளி. ஒரே குரலில் கத்தினார்கள்: "ட்ரிக் ஆர் ட்ரீட்!"

ஹாலோவீனை அதுவரை சினிமாவில்தான் பார்த்திருந்தேன். மிட்டாய் வாங்கி வைக்கணும்னு யாரும் சொல்லலை. வீட்டில் இருந்தது அம்மா கொடுத்துவிட்ட முறுக்கு டப்பா மட்டும்தான். ஓடிப்போய் ஒரு தட்டில் போட்டு எடுத்து வந்தேன். டைனோசர் கையை நீட்டிவிட்டது. பின்னால் நின்ற அவங்க அம்மா, சிரித்த முகம் மாறாமல், அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க, பாக்கெட்ல சீல் பண்ணினது மட்டும்தான் வாங்குவோம்" என்றார். மூணு பேரும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எனக்குக் கோபம் வரலை. ஆனால் கதவைச் சாத்தின பிறகு ஒரு கேள்வி வந்தது. இருட்டில், முன்பின் தெரியாத ஒருத்தன் வீட்டு வாசலுக்குக் குழந்தையை அனுப்பலாம். அவன் கொடுக்கிற முறுக்கை மட்டும் வாங்கக் கூடாது. இந்த விதி எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனதுதான் இன்னைக்கு எபிசோட்.

ஆரம்பத்திலிருந்து வருவோம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் 'சௌவின்' என்று ஒரு பழைய திருநாள். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் எல்லை அது. அக்டோபர் 31 சூரியன் மறைந்ததும் ஆரம்பிக்கும். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் வீடு திரும்பும். நெருப்பு மூட்டுவார்கள். அந்த ராத்திரி இந்த உலகத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவில் இருக்கிற கதவு திறந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இதை எழுதி வைத்தவர்கள், பல நூற்றாண்டுகள் கழித்து வந்த கிறிஸ்தவத் துறவிகள். அதனால் 'ரெண்டாயிரம் வருஷமா அப்படியே நடக்குது' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கேளுங்கள்.

9-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பியத் திருச்சபை நவம்பர் 1-ஐ எல்லாப் புனிதர்களின் நாளாகக் கொண்டாடத் தொடங்கியது. பழைய ஆங்கிலத்தில் 'ஹாலோ' என்றால் புனிதர். அவர்கள் நாளுக்கு முந்தைய மாலைதான் ஹாலோவீன். அடுத்து நவம்பர் 2, இறந்துபோன எல்லா ஆன்மாக்களுக்குமான நாள். நம் கதைக்கு முக்கியமானது இந்த ரெண்டாம் தேதிதான்.

இங்கிலாந்தில் அந்த நாட்களில் ஏழைகளும் குழந்தைகளும் வீடு வீடாகப் போவார்கள். வீட்டுக்காரர்கள் ஒரு சின்ன வட்டக் கேக் கொடுப்பார்கள். அதற்குப் பெயரே 'ஆன்மா கேக்'. வாங்கினவர்கள் பதிலுக்கு, அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம் செய்யணும். கேக் கொடுத்தால் செத்துப்போன தாத்தாவுக்கு ஒரு ஜெபம். அவ்வளவுதான் ஒப்பந்தம். ஜெபத்தால் இறந்தவர்களுக்கு நன்மை கிடைக்காது என்று பின்னாடி புராட்டஸ்டன்ட் திருச்சபை சொன்ன பிறகும், ஷ்ராப்ஷயர், செஷயர் மாதிரி பகுதிகளில் இந்தப் பழக்கம் பல தலைமுறைகள் நீடித்தது.

கவனிச்சீங்களா? அன்றைக்கு வாசலைத் தாண்டி வந்த பண்டம், வீட்டு அடுப்பில் செய்தது.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் இது வேற ரூபம் எடுத்தது. பிள்ளைகள் முகத்தில் கரி பூசி, பழைய துணியைச் சுற்றிக்கொண்டு வேஷம் போட்டு வருவார்கள். சும்மா கை நீட்டினால் ஒண்ணும் கிடைக்காது. ஒரு பாட்டோ, ஒரு ஜோக்கோ சொல்லிக் காட்டணும். அப்புறம்தான் ஆப்பிளும் கொட்டைகளும் கைக்கு வரும். ராத்திரி வெளிச்சத்துக்கு டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே கங்கையோ மெழுகுவர்த்தியையோ வைப்பார்கள். அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு டர்னிப் விளக்கின் அச்சு வார்ப்பு இருக்கு. படத்தைத் தேடிப் பாருங்க. சுருங்கிப்போன கிழவன் முகம், கோணல் பல். அதுக்குப் பக்கத்தில் இன்றைய பரங்கிக்காய் விளக்கு ரொம்ப சாது.

வீட்டுக்குள்ளேயும் விளையாட்டுதான். ராபர்ட் பர்ன்ஸ் 1785-இல் எழுதிய 'ஹாலோவீன்' என்ற நீண்ட கவிதையில் இதெல்லாம் வரிசையாக வருது. கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்தில் ஒரு கீரைத் தண்டைப் பிடுங்கணும். தண்டு நேராக இருந்தால் வரப்போகிற துணை நல்ல உயரம், கோணலாக இருந்தால் அதற்கேற்ற மாதிரி. வேரில் மண் ஒட்டியிருந்தால் சொத்தும் வரும். ரெண்டு கொட்டைகளுக்குக் காதலர் பெயர் வைத்து நெருப்பில் போடுவார்கள். ரெண்டும் அமைதியாகச் சேர்ந்து எரிந்தால் கல்யாணம், ஒண்ணு வெடித்துத் தள்ளிப் போனால் பிரேக்கப். தொட்டித் தண்ணீரில் மிதக்கிற ஆப்பிளைக் கையால் தொடாமல் பல்லால் கவ்வுகிற போட்டி அந்தக் காலத்திலிருந்தே உண்டு. பேய் ராத்திரி என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு அது பாதி காதல் ராத்திரி.

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. அடுத்த சில வருடங்களில் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கப்பலேறினார்கள். அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. அவர்களோடும் ஸ்காட்லாந்துக்காரர்களோடும் ஹாலோவீனும் போனது. அங்கே டர்னிப்பை விடப் பெரிய, குடைய வசதியான ஒரு காய் கிடைத்தது: பரங்கிக்காய்.

ஆனால் கூடவே இன்னொண்ணும் போனது. அதுதான் குறும்பு. வீட்டு கேட்டைக் கழற்றி மரத்தில் மாட்டுவது, ஜன்னல் கண்ணாடியில் சோப்பு பூசுவது, கொல்லைப்புறக் கழிப்பறையைக் குப்புறத் தள்ளுவது. கிராமத்தில், யார் வீட்டுப் பையன் என்று தெரிந்த இடத்தில், இது மறுநாள் திட்டோடு முடிந்துவிடும். நகரத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது. 1930களின் பொருளாதார மந்தத்தில் இது ஜன்னல் உடைப்பதும் தீ வைப்பதுமாக வளர்ந்தது. ஹாலோவீனையே தடை பண்ணலாமா என்று சில ஊர்கள் யோசித்தன.

தடை பண்றதுக்குப் பதிலாகப் பெரியவர்கள் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பயல்களுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். மின்னசோட்டா மாநிலத்தில் அனோகா என்று ஒரு ஊர். ஒரு ஹாலோவீனுக்கு மறுநாள் காலையில் ஊர் மாடுகள் எல்லாம் கடைத்தெருவில் திரிந்துகொண்டிருந்தன என்று அங்கே கதை சொல்வார்கள். 1920-இல் அந்த ஊர் ஊர்வலம், நெருப்பு, இலவசப் பாப்கார்ன் என்று ஒரு விழாவே எடுத்தது. இன்னும் நடக்குது. பேய் வீடும் இந்தக் காலத்தில்தான் பரவியது. 1930களின் பார்ட்டி யோசனைகளில், இருட்டு நிலவறையில் பிள்ளைகளைத் தடவித் தடவி நடக்கவிட்டு, மேலிருந்து ஈர ஸ்பாஞ்சைத் தொங்கவிட்டு முகத்தில் உரசச் செய்வது, சுவரில் பச்சை ஈரலை மாட்டுவது எல்லாம் உண்டு. பையன் வெளியே போய் ஊரைப் பயமுறுத்துவதைவிட, உள்ளே வந்து பயந்துட்டுப் போகட்டும். இதுதான் கணக்கு.

'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்ற வாசகமும் இதே கணக்குதான். ஏதாவது கொடு, இல்லேன்னா குறும்பு பண்ணுவேன். 1920களில் கனடா நாளிதழ்களில் இது அச்சில் வருது. நேராகப் பார்த்தால் மிரட்டல். ஆனால் ஒரு குட்டிப் பேய் வாசலில் நின்று சொல்லும்போது அது சமாதான ஒப்பந்தம். உலகப் போரில் 1942 முதல் 1947 வரை அமெரிக்காவில் சர்க்கரைக்கு ரேஷன் இருந்ததால் கொஞ்சம் அடங்கியது. அப்புறம் புறநகர் வீடுகளும் நிறையக் குழந்தைகளும் வந்த 1950களில், நாம் இன்று பார்க்கிற ஹாலோவீன் ஆகிவிட்டது. அப்பவும் பல வீடுகளில் கொடுத்தது குக்கீ, பாப்கார்ன் உருண்டை, கேரமல் தோய்த்த ஆப்பிள். எல்லாம் வீட்டில் செய்தது.

சரி, அப்புறம் என்ன ஆச்சு?

1960களின் கடைசியில் ஒரு பேச்சு கிளம்பியது. ஆப்பிளுக்குள் பிளேடு வைக்கிறாங்களாம், மிட்டாயில் விஷம் கலக்கிறாங்களாம். 1970-இல் டெட்ராய்ட்டில் ஒரு ஐந்து வயதுப் பையன் ஹெராயின் உடலில் சேர்ந்து இறந்தான். பழி ஹாலோவீன் மிட்டாய்மேல் விழுந்தது. பிறகு, அந்த ஹெராயின் ஓர் உறவினர் வீட்டில் அவனுக்கு எட்டியது என்று தெரிய வந்தது. 1974-இல் டெக்சாஸில் ஒரு எட்டு வயதுப் பையன் சயனைடு கலந்த மிட்டாய்த் தூளைத் தின்று இறந்தான். கொடுத்தது தெருவில் யாரோ இல்லை. அவனுடைய சொந்த அப்பா. மகன் பேரில் எடுத்திருந்த இன்சூரன்ஸ் பணத்துக்காக. சந்தேகம் வராமல் இருக்க மற்ற குழந்தைகளுக்கும் அதையே கொடுத்திருந்தார். நல்லவேளை, அவர்கள் யாரும் தின்னவில்லை. 'ஹாலோவீன் விஷம்' என்று ஊரே ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்த வதந்திதான் அவர் ஒளிந்துகொள்ள நினைத்த இடம். 1984-இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

1982 செப்டம்பர் கடைசியில் சிகாகோ பகுதியில் சயனைடு கலக்கப்பட்ட வலி மாத்திரை சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள். ஹாலோவீனுக்கு ஒரே மாசம்தான் இருந்தது. மாத்திரையில் கலந்தவன் மிட்டாயில் கலக்க மாட்டானா? சில ஊர்கள் கொண்டாட்டத்தையே ரத்து செய்தன. பிள்ளைகளின் மிட்டாய்ப் பைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆஸ்பத்திரிகள் உண்டு. சும்மா சொல்லலை, நிஜமாவே எக்ஸ்ரே.

ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் இந்தப் பயத்தை உட்கார்ந்து ஆராய்ந்தார். 1958 முதலான செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, 1985-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்குப் பிறகும் வருஷா வருஷம் கணக்கு வைத்திருக்கிறார். முன்பின் தெரியாத ஒருத்தர் வாசலில் கொடுத்த ஹாலோவீன் பண்டத்தால் ஒரு குழந்தை இறந்ததாகவோ பெரிய காயம் அடைந்ததாகவோ உறுதியான ஒரு கேஸ்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. பல 'ஊசி இருந்தது' புகார்கள் பிள்ளைகளே பண்ணின குறும்பு என்று தெரிந்தது.

அப்போ ஆபத்தே இல்லையா? இருக்கு. 1975 முதல் 2016 வரை 42 வருட அமெரிக்கச் சாலை விபத்துகளை அலசிய ஒரு மருத்துவ ஆய்வு, மற்ற மாலைகளைவிட ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர்கள் வண்டி மோதி இறக்கும் அபாயம் 43% அதிகம் என்று சொல்லுது. சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். இருட்டு, கறுப்பு உடை, கண்ணை மறைக்கிற முகமூடி, வேகமாக வருகிற கார். ஊர் பயந்தது பக்கத்து வீட்டுப் பலகாரத்தைப் பார்த்து. ஆபத்து இருந்தது ரெண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற ரோட்டில்.

டைனோசரின் அம்மாமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வதந்தி பொய்யாகவே இருந்தாலும், உங்கள் குழந்தை கை நீட்டும்போது புள்ளிவிவரம் ஞாபகத்துக்கு வராது. நான் அந்த இடத்தில் நின்றாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் இந்த ராத்திரியில் என்ன மிச்சம் இருக்குன்னும் பாருங்க. வருஷத்தில் 364 நாள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாத ஒரு நாட்டில், ஒரே ஒரு ராத்திரி எல்லாக் கதவையும் தட்டலாம். அதற்கு ஒரே ஒரு அடையாளம்தான்: வாசல் விளக்கு. எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் தொந்தரவு பண்ணாமல் போகணும். முதல் வருஷம் என் வீட்டு விளக்கு எரிந்தது. எனக்குத் தெரியாமலே நான் அவர்களைக் கூப்பிட்டிருக்கேன்.

அடுத்த வருஷம் தெரிந்தே ஏற்றினேன். ஒரு பரங்கிக்காயை வாங்கி, கரண்டியால் சுரண்டி, ரொம்பக் கேவலமாக ஒரு முகம் செதுக்கினேன். கிண்ணம் நிறைய சீல் பண்ணின சாக்லேட். கடற்கொள்ளைக்காரன் அந்த வருஷம் ரத்தக்காட்டேரி. டைனோசர் அதே டைனோசர்தான், பேன்ட் மட்டும் கணுக்காலுக்கு மேல ஏறியிருந்தது. பிள்ளைகள் சாக்லேட்டை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவங்க அம்மா ஒரு நிமிஷம் நின்றார். அந்த ஒரு வருஷத்தில் குப்பைத்தொட்டி வைக்கும்போதும், பனி தள்ளும்போதும் பத்து முறையாவது பேசியிருப்போம்.

"போன வருஷம் சுருள் சுருளா ஒண்ணு வச்சிருந்தீங்களே, அது இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. டப்பாவோடு கொடுத்தேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.