தேசிக்காயும் ஜின்னும்: கண்டியில் நான் கற்ற ஒரு பழைய கலவை

1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட நான், தென்மராட்சி, வன்னி, வவுனியா என்று அலைந்து அடுத்த ஆண்டு கண்டிக்கு வந்து சேர்ந்தேன். கிடைத்த வேலை, ஒரு விடுதியின் பாரில் கண்ணாடிக் குவளை கழுவுவது. 1990இல் மின்சாரம் போன பிறகு ஐஸ்கட்டியை நான் கையால் தொட்டது அங்கேதான். பாருக்குப் பொறுப்பாக இருந்தவர் வயதான மலையகத் தமிழர். அவரை 'ஐயா' என்றே கூப்பிடுவேன். அவர் எனக்கு முதலில் காட்டித் தந்த கலவை கிம்லெட்.

"ரெண்டே சாமான் தம்பி. ஒன்னு கெட்டாலும் மறைக்க இடமில்ல," என்றார்.

அந்த இரண்டு சாமான்கள் ஜின்னும் தேசிக்காய்க் கோடியலும். கோடியல் கப்பலில் இருந்து வந்தது. நீண்ட பயணங்களில் மாலுமிகளுக்குப் பல்முரசு அழுகி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வரும். புளிப்பான பழங்கள் அதைத் தடுக்கும் என்பதால், 1867இல் பிரித்தானிய வணிகக் கப்பல்கள் தேசிக்காய் அல்லது எலுமிச்சைச் சாறு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு ஸ்கொட்லாந்தின் லீத் துறைமுகத்தைச் சேர்ந்த லோக்லன் ரோஸ் என்பவர், மதுசாரம் சேர்க்காமல் சாற்றைக் கெடாமல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கடற்படை அதிகாரிகள் அதை ஜின்னோடு கலந்தார்கள். கிம்லெட் என்ற பெயர் கிம்லெட் என்ற கடற்படை மருத்துவரால் வந்தது என்பார்கள். ஆங்கிலத்தில் அது கைத்துறப்பணத்தின் பெயரும்கூட. 1930இல் வெளிவந்த சவோய் விடுதியின் கலவைப் புத்தகத்தில் பாதி ஜின், பாதி கோடியல் என்றுதான் இருக்கிறது. இன்றைய நாக்குக்கு அது பாணி குடிப்பதுபோல் இருக்கும்.

அந்தக் கடற்படை கண்டிக்கும் வந்தது. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூங்காவின் மரங்களுக்கு இடையில் அலுவலகக் கொட்டில்கள் எழுந்தன. இன்று பிள்ளைகள் பந்து விளையாடும் அந்தப் புற்றரையில் இருந்துதான் பர்மா யுத்தம் நடத்தப்பட்டது.

யுத்தத்தால் வெளிநாட்டுச் சாமான்கள் வருவது தடைப்பட்டபோது இலங்கையில் ஜின் வடிக்கத் தொடங்கியதாகவும், கிடைக்காத சரக்குகளுக்குப் பதிலாக உள்ளூர் வாசனைப் பொருட்களைப் போட்டதாகவும் ரொக்லண்ட் வடிசாலை சொல்கிறது. அவர்களின் கொழும்பு ஜின்னில் இன்றும் கறுவா, இஞ்சி, கறிவேப்பிலை உண்டு. இதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தவர்கள் நாங்கள். நாலு துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை உதைத்து மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். எங்கள் கண்டுபிடிப்புகளுக்கு மட்டும் யாரும் லேபல் ஒட்டி விற்கவில்லை.

இனிச் செய்முறை. கடைக் கோடியலை நான் வாங்குவதில்லை. அதில் சீனிதான் முன்னுக்கு நிற்கும். கண்டிச் சந்தையில் மெல்லிய தோலுள்ள பச்சைத் தேசிக்காய் பத்துப் பன்னிரண்டு வாங்குங்கள். கழுவித் துடைத்து, பச்சைத் தோலை மட்டும் சீவுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை சேர்ந்தால் கசக்கும். தோலை 250 கிராம் சீனியில் பிசறி மூடி, ஓர் இரவு வையுங்கள். காலையில் சீனி ஈரமாகி, வீடே மணக்கும். தோல் சீவிய காய்களைப் பிழிந்து 250 மில்லிலீற்றர் சாறு எடுத்து அதில் ஊற்றி, சீனி கரையும்வரை கிளறுங்கள். அடுப்பில் வைக்க வேண்டாம், சூடு பட்டால் புதுச்சாற்றின் வாசம் போய்விடும். வடித்து, கொதிநீரில் கழுவிக் காயவைத்த போத்தலில் ஊற்றி பிரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரம் இருக்கும்.

60 மில்லிலீற்றர் ஜின்னுக்கு 30 மில்லிலீற்றர் கோடியல். நிறைய ஐஸ் போட்டு, நீண்ட கரண்டியால் அரை நிமிடம் கலக்கி, குளிரவைத்த சிறு குவளையில் வடித்துவிடுங்கள். ஐஸ் கரைந்து சேரும் தண்ணீரும் இந்தக் கலவையின் பங்குதான், அதனால் அவசரப்படக் கூடாது. உள்ளூர் ஜின் என்றால் ஒரு கறிவேப்பிலையைக் கையில் தட்டி மேலே போடலாம். ஐயா கண்டால் ஏசுவார்.

ஜின்னை நான்தான் வாங்கி வர வேண்டும். பெண்களுக்கு மது விற்பதற்கான 1979ஆம் ஆண்டுத் தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி அதைத் திரும்பக் கொண்டுவரச் செய்தார். தேசிக்காய் வாங்கவும் கோடியல் செய்யவும் என் மனைவிக்குத் தடையில்லை.

ஐயா அளவுக்குவளை இல்லாமல் ஒரு சொட்டும் ஊற்றமாட்டார். 2009க்குப் பிறகு அந்தக் குவளையை நான் மறந்தேன். வன்னியில் இருந்த அண்ணனைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. இரண்டு வருடம் போத்தலோடு இருந்தேன். கலவை ஒன்றும் செய்யவில்லை, சாராயம்தான், தண்ணீர்கூட இல்லாமல். இதை வாசிக்கும் சிலருடைய வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று தெரியும். அவர் இருக்கும் வீட்டில் இந்தக் குறிப்பின் ஜின் பகுதியை விட்டுவிடுங்கள். 40 வீத ஜின் 60 மில்லிலீற்றரில் சுத்த மதுசாரம் 24 மில்லிலீற்றர் இருக்கிறது. கோடியலின் இனிப்பில் அது நாக்குக்குத் தெரியாது.

நான் வைத்தியரிடம் போனேன். வேலை மாறினேன். இப்போது வீட்டில் கிம்லெட் செய்வது விருந்தினருக்குத்தான். எனக்கும் மகளுக்கும் இரண்டு மேசைக்கரண்டி கோடியல், ஒரு சிட்டிகை உப்பு, மேலே சோடா. ஐஸை மட்டும் நான் கொஞ்சம் கூடப் போட்டுக்கொள்வேன்.