கண்டிக்கு விரைவுப் பாதை வந்தால் பன்விலவுக்கு என்ன கிடைக்கும்?

பன்விலவிலிருந்து கண்டிக்குப் போகும் காலை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெரியம்மா மடியில் கிளினிக் கொப்பியை வைத்திருந்தார். மடுல்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து விடியுமுன்னரே நடந்து இறங்கியிருந்தார். கண்டி பெரியாஸ்பத்திரியில் நம்பர் எடுக்க வேண்டும். பின்நேரம் திரும்பும்போது ஒரு நாள் பேர் போயிருக்கும்.

நான் எதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் அவர் கேட்டது ஒரேயொரு கேள்விதான்.

“கண்டிக்குப் புது ரயில் வருமாமே தம்பி, அது நமக்கும் நிக்குமா?”

போக்குவரத்துத் திட்டம் பற்றி நான் வாசித்த எந்த அறிக்கையும் கேள்வியை இவ்வளவு சுருக்கமாக வைக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைச் சுற்றியே போகிறது.

வடக்கில் இருக்கும் வாசகருக்கு இது தூரத்து விடயமாகத் தோன்றலாம். ஆனால், 1990இல் யாழ்தேவி நின்றபோது நின்றது ஒரு வண்டி மட்டுமல்ல என்பதை அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை இருபத்துநான்கு ஆண்டுகள் சென்றன. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களில் என் சித்தியின் குடும்பமும் ஒன்று. பாதை எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பதை யார் தீர்மானிக்கிறார் என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் பொதுவானது.

கிண்ணத்துக்குள் ஒரு நகரம்

கண்டி ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. தெற்கே ஹந்தானை மலை, வடகிழக்கே உடவத்தகலைக் காடு, சுற்றி வளைந்தோடும் மகாவலி. நகருக்குள் நுழைய முக்கியமாக மூன்று வாசல்களே உண்டு: மேற்கே பேராதனை, வடக்கே கட்டுகஸ்தோட்டை, கிழக்கே தென்னகும்புர. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நகரம் என்பதால் வீடுகளை இடித்து வீதியை அகலமாக்குவதும் எளிதல்ல. காலை ஏழு மணிக்கு மூன்று வாசல்களும் அடைத்துக்கொள்கின்றன.

பன்விலக்காரர் வருவது வத்துகாமம், கட்டுகஸ்தோட்டை வழியாக. பன்விலவுக்கும் கண்டிக்கும் நேர்கோட்டில் பதினைந்து கிலோமீற்றர்கூட இல்லை. வீதியில் அது இருபதைத் தாண்டிவிடும். மலை வீதி தூரத்தை மட்டும் கூட்டுவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் வேகத்தையும் குறைக்கிறது.

இதுவரை பேசப்பட்டவை

கண்டிக்கான திட்டங்கள் குறைவில்லை. ஜய்க்கா எனப்படும் ஜப்பானிய முகவரகத்தின் உதவியோடு நகர அபிவிருத்தி அதிகாரசபைக்காக 2018இல் பாரிய கண்டி நகரத் திட்டம் தயாரானது. கண்டி ரயில் நிலையத்துக்கு அருகே, குட்செட் பகுதியில் பஸ்ஸையும் ரயிலையும் ஒரே இடத்தில் இணைக்கும் பல்முனைப் போக்குவரத்து நிலையம் உலக வங்கிக் கடனில் முன்னெடுக்கப்பட்டது. மலையைக் குடைந்து தென்னகும்புரவுக்குச் சுரங்க வீதி அமைப்பது பற்றிக் கொரிய உதவியோடு பேசப்பட்டது. பேராதனை, கண்டி, கட்டுகஸ்தோட்டை இடையே புறநகர் ரயில் என்ற யோசனையும் பல ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது.

இவை பெரும்பாலும் நகரின் வாசல்களைப் பற்றியவை. வாசலில் எத்தனை வாகனம் நெரிகிறது என்று எண்ணுவார்கள். வாசலுக்கு வந்துசேர ஒருவர் மலையில் எவ்வளவு தூரம் நடந்தார் என்பது அந்தக் கணக்கில் வராது.

திட்டம் இருப்பதால் பாதை வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. கொழும்பு கோட்டைக்கும் மாலபேக்கும் இடையே சுமார் 16 கிலோமீற்றர் இலகு ரயிலுக்கு 2019 மார்ச்சில் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. செலவு அதிகம் என்ற காரணம் காட்டி 2020 செப்டெம்பரில் அரசாங்கம் அதை நிறுத்தியது. சமதரைத் தலைநகரிலேயே இதுதான் கதை என்றால், மலைநகரம் இன்னும் கவனமாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஏற்றம்தான் முதல் சட்டம்

மலையில் எந்த வண்டி ஓடும் என்பதை முதலில் தீர்மானிப்பது சாய்வு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். அதனால் சாதாரண ரயில் 100 மீற்றர் ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மீற்றருக்கு மேல் ஏறச் சிரமப்படும். கடுகண்ணாவை ஏற்றம் 45 மீற்றருக்கு ஒரு மீற்றர். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தபோது அது பெரிய பொறியியல் சாதனையாகப் பேசப்பட்டது. அந்தப் பாதையை வெட்டியவர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரும் இருந்தனர்.

இலகு ரயில் 100 மீற்றருக்கு ஆறேழு மீற்றர்வரை ஏறும். ரப்பர் சக்கர மோனோ ரயில் அதைவிடச் சற்றுக் கூட. பஸ் பத்துக்கு மேலும் ஏறும். நம் தோட்டப் பாதைகளில் ஓடும் பஸ்களுக்கு அது தெரியும். கம்பியில் தொங்கும் வண்டிக்கு மட்டும் சாய்வு ஒரு பொருட்டே அல்ல.

சாதாரண ரயில் ஏற்றத்தைத் தவிர்க்க மலையைச் சுற்ற வேண்டும், அல்லது குடைய வேண்டும். சுற்றினால் தூரமும் காணியும் கூடும். குடைந்தால் பணம் கூடும். அதனால் பன்வில மலைக்கே ரயில் என்பது நடைமுறைக்கு வராத பேச்சு. ஆனால் அதன் அடிவாரத்தில் ஏற்கெனவே ஒரு ரயில் பாதை இருக்கிறது.

வத்துகாமத்தில் நிற்கும் பழைய விடை

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் பாதை 1880இல் திறக்கப்பட்டது. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் இறக்கவே அது போடப்பட்டது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை நடந்து வந்த மக்களுக்காக அது போடப்படவில்லை. 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள் மறுபடி மிதித்தது அந்த வழியைத்தான்.

மடுல்கலை, பன்வில தோட்டங்களுக்குக் கிட்டிய ரயில் நிலையம் அன்றும் இன்றும் வத்துகாமம். அங்கிருந்து கட்டுகஸ்தோட்டை, மஹியாவ வழியாகக் கண்டிக்கும், அதற்கப்பால் பேராதனைக்கும் தண்டவாளம் இருக்கிறது. புறநகர் ரயிலுக்கு இதைவிட ஆயத்தமான பாதை கிடைக்காது.

குறை எங்கே என்றால், மாத்தளைப் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிர் ரயில்கள் ஒன்றையொன்று கடக்க இரட்டைப் பாதையுள்ள நிலையத்தில் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு இடங்களுக்கு நடுவே 20 நிமிட ஓட்டம் என்று வையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் இரு திசையும் சேர்த்து மூன்று ரயிலுக்கு மேல் விட முடியாது. ஒரு திசையில் 40 நிமிடத்துக்கு ஒன்று. நடுவில் ஒரேயொரு கடக்கும் தளம் போட்டால் அது 20 நிமிடத்துக்கு ஒன்றாகும். மலை முழுவதும் இரண்டாவது தண்டவாளம் போடாமலே கிடைக்கும் பலன் இது. இத்தகைய சிறிய வேலைகளுக்குத் திறப்பு விழாப் பலகை இல்லாததால்தானோ என்னவோ, பெரிய அறிவிப்புகளில் இவை காணப்படுவதில்லை.

அத்தோடு, ரயில் வரும் நேரத்துக்குப் பன்விலவிலிருந்து பஸ் வத்துகாமம் வந்து சேர வேண்டும். இரண்டுக்கும் ஒரே டிக்கட் வேண்டும். இல்லாவிட்டால் பெரியம்மா பஸ்ஸை விட்டு இறங்கவே மாட்டார். நெரிசலிலும் அதே பஸ்ஸில் கண்டிவரை போவார்.

கம்பிவண்டி நமக்குப் புதிதா?

கொலம்பியாவின் மெடலின் நகரம் கண்டியைப் போலப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மலைச்சரிவில் ஏழைக் குடியிருப்புகள். 2004இல் அங்கே மெட்ரோ நிலையத்திலிருந்து சரிவுக்குக் கம்பிவண்டி விட்டார்கள். உல்லாசப் பயணிகளை விட்டுவிட்டு, வேலைக்குப் போகும் மக்களை மெட்ரோவில் சேர்ப்பதே அதன் நோக்கம். பொலிவியாவின் லா பாஸ் நகரில் 2014இல் தொடங்கிப் பத்துப் பாதைகளாக அது வளர்ந்தது.

இவ்வகை வண்டி ஒரு திசையில் மணிக்குச் சுமார் 3,000 பேரைக் கொண்டு போகும். ஐம்பது பேர் ஏறும் பஸ் அறுபது வேண்டும் அதற்கு. வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர் அளவு. பன்விலவுக்கும் வத்துகாமத்துக்கும் நேர்கோட்டில் ஏழு கிலோமீற்றர் அளவு என்பதால், கணக்குப்படி இருபது நிமிடம் சொச்சம்.

கணக்கு இனிக்கிறது. ஆனால் மணிக்கு 3,000 பேர் பன்விலவிலிருந்து இறங்குவதில்லை. பலத்த காற்றிலும் இடிமின்னலிலும் அதை நிறுத்த வேண்டும். நக்கிள்ஸ் அடிவாரத்தில் அப்படியான நாட்கள் பல. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாடு இது என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே பன்விலவுக்கு இன்று தேவை கம்பிவண்டி என்று நான் சொல்லவில்லை. கட்டுகஸ்தோட்டை போன்ற நெரிசலான வாசலில் அதைப் பரிசீலிக்க இடமுண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலையகத் தோட்டங்களில் கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் கோத்துத் தொழிற்சாலைக்கு இறக்கும் வழக்கம் அந்தக் காலத்திலேயே இருந்தது. கொழுந்து பறந்து போனது. பறித்தவர்கள் நடந்து போனார்கள்.

மண் சம்மதிக்க வேண்டும்

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மலைநாட்டு ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தது.

மலையில் பாதை வெட்டும்போது சரிவின் கால் அறுபடுகிறது. மழைநீர் போன வழி மாறுகிறது. ஆபத்து பாதையில் மட்டும் இல்லை. அதற்கு மேலேயும் கீழேயும் இருக்கும் வீட்டில் இருக்கிறது. கீழே இருப்பது பல இடங்களில் லயம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தைத் திட்டத்தின் கடைசியில் பார்க்கக்கூடாது. பாதைக்கோட்டைக் கீற முன்னர் பார்க்க வேண்டும்.

காணி யாருடையது?

இங்கேதான் பெரியம்மாவின் கேள்விக்கு இன்னொரு பக்கம் திறக்கிறது. ரயில் நிற்குமா என்பது ஒன்று. அது வரும்போது நாம் இருந்த இடத்தில் இருப்போமா என்பது மற்றது.

அரசு பொதுத் தேவைக்குக் காணி எடுப்பது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டப்படி. இரண்டாம் பிரிவு அறிவித்தல் என்றால் வலிகாமம் வடக்கு மக்களுக்கு விளக்கம் தேவையில்லை. 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கருக்கு அதே பிரிவில்தான் அறிவித்தல் ஒட்டப்பட்டது. அதற்குப் பிறகு வருவது நான்காம் பிரிவு. ஆட்சேபனை தெரிவிக்கும் சந்தர்ப்பம் அதில் இருக்கிறது. ஏழாம் பிரிவில் நட்டஈடு கோருவோரை அழைப்பார்கள். அவசரம் என்று சொல்லி 38(அ) பிரிவில் உடனே கையேற்கவும் முடியும்.

வலிகாமத்து மக்களிடம் உறுதி இருந்தது. லயத்தில் இருப்பவரிடம் என்ன இருக்கிறது? 1970களின் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டக்காணி அரசுக்குப் போனது. கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பல தோட்டங்கள் இன்றும் அரச நிறுவனங்களின் கீழேயே இருக்கின்றன. நான்கைந்து தலைமுறை அதே அறையில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் காணிச் சொந்தக்காரரல்லர். நட்டஈடு தோட்ட நிர்வாகத்துக்கும் அரசின் இன்னொரு பையுக்கும் இடையே முடிந்துவிடும் அபாயம் இருக்கிறது.

ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்றும் இல்லை. 2001இல் அமைச்சரவை ஏற்ற தன்னிச்சையற்ற மீள்குடியேற்றத்துக்கான தேசியக் கொள்கை, உறுதியில்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்கிறது. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜய்க்கா ஆகியவற்றின் விதிகளும் அப்படியே. தெற்கு அதிவேக வீதிக்குக் காணி எடுத்தபோது, சட்டம் சொன்ன நட்டஈட்டுக்கு மேலாக மாற்று வீடு கட்டும் செலவைக் கொடுக்கத் தனிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. கொள்கை சட்டமல்ல, கேட்காவிட்டால் தானாக வராது.

அளவைக் கட்டை வந்தால் கேட்க வேண்டியவை

நில அளவையாளர் கட்டை அடிக்க வந்தால் தோட்டத்து மக்கள் கேட்கக்கூடியவை இவை:

1. இரண்டாம் பிரிவு அறிவித்தல் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது? அது தமிழிலும் இருக்க வேண்டும்.

2. பாதிக்கப்படும் குடும்பங்களின் பட்டியலில் லயத்தின் ஒவ்வொரு காம்பராவும் தனித்தனியாக எழுதப்பட்டதா? ஒரு லயம் ஒரு கட்டடமாக எண்ணப்பட்டால் பல குடும்பங்கள் ஒன்றாகிவிடும்.

3. சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்பட்டதா? 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ரயில் பாதைக்கும், 100 குடும்பங்களுக்கு மேல் இடம்பெயர்க்கும் திட்டத்துக்கும் அது தேவை. அறிக்கை வெளியானபின் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு.

4. மாற்றுக் காணி எங்கே? அது அபாய வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது? உறுதி யார் பெயரில் வரும்?

5. கிட்டிய தரிப்பிடம் எது? அங்கே போக நடைபாதையும் பஸ்ஸும் அதே திட்டச் செலவில் இருக்கிறதா?

பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே பன்வில பிரதேச செயலகத்தில் கொடுக்கலாம்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே பஸ் நின்றுவிட்டது. முன்னால் வாகனங்கள் நகரவில்லை. பெரியம்மா கொப்பியைத் திறந்து நேரத்தைப் பார்த்தார். நம்பர் கொடுத்து முடித்துவிடுவார்களோ என்ற பயம். அவரிடம் நான், “ரயில் மலைக்கு வராது பெரியம்மா. வத்துகாமத்துல நிக்கும். அதுக்கு ஒழுங்கா பஸ் விடச் சொல்லித்தான் கேக்கணும்” என்றேன்.

“யார்கிட்ட கேக்கிறது?” என்றார்.

மேலே எழுதியது அவருக்கான பதில்.