மஞ்சள் துணிக் கட்டும் தொண்ணூறாயிரம் வராகனும்

திண்டுக்கல் பேகம்பூர் பெரிய பள்ளிவாசலுக்குத் தொழச் செல்வோர் அமீருன்னிஸா பேகத்தின் அடக்கத்தலத்தையும் கண்டிருப்பர். மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் சகோதரி அவர். அவருடைய பெயரால்தான் அப்பகுதி பேகம்பூர் ஆயிற்று. பள்ளியின் முற்றத்தில் நின்று நிமிர்ந்தால் மலைக்கோட்டை தெரியும். அந்தக் கோட்டையில்தான் ஹைதர் தம் வாழ்வின் முதற்பெரும் பதவியை ஏற்றார். அங்கே அவர் எழுதிய கணக்கு ஒன்றிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறேன். நாட்டின் வரவு செலவு பற்றி அரசினர் சொல்லும் எண்களை எங்ஙனம் எடைபோடுவது என்னும் கேள்விக்கு, இவ்வூரின் வரலாறு தருவது போன்ற பாடத்தை வேறு ஊர்கள் எளிதில் தருவதில்லை.

1755ஆம் ஆண்டு மைசூர் அமைச்சர் நஞ்சராஜர், ஹைதரைத் திண்டுக்கல்லின் பவுஜ்தாராக அனுப்பினார். பாளையக்காரரை அடக்குவது பணி. சண்டை முடிந்ததும், பெருவெற்றி கிட்டியது, காயமுற்றோர் பலர் என்று தலைநகருக்குச் செய்தி சென்றது. பரிசுகளோடு அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். அவர் முன்னே 700 வீரர்கள் மஞ்சள் நீரில் தோய்த்த துணிக்கட்டுகளோடு படுத்திருந்தனர். உண்மையில் காயமுற்றோர் 67 பேர்தாமாம். கர்னல் வில்க்ஸ் 1810இல் வெளியிட்ட மைசூர் வரலாற்றில் இதனைக் கூறுகிறார். காயம் ஆறும்வரை தலைக்கு மாதம் 14 ரூபாய் அரசு தந்தது. காயம்பட்டவருக்குக் கிடைத்தது 7 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 9,800 ரூபாய் வரவு, 469 ரூபாய் செலவு. அணிவகுப்பில் ஆள் எண்ணும்போது எண்ணப்பட்டோரே சுற்றி வந்து மீண்டும் நிற்க, 10,000 பேர் 18,000 பேரான கதையையும் அவரே எழுதியிருக்கிறார்.

வில்க்ஸ் கும்பினியின் ஊழியர். ஹைதரிடத்தும் அவர் மைந்தர் திப்புவிடத்தும் காழ்ப்புக் கொண்ட கூட்டத்தைச் சார்ந்தவர். எனவே அவர் சொல்லை அப்படியே ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் நம்மவர் என்பதற்காக ஒன்றை மறைத்து எழுதுவதும் வரலாறு ஆகாது. கதை முழுதும் மெய்யோ, பாதி மெய்யோ, அதன் உட்பொருள் தெளிவானது. வந்த அதிகாரி கட்டுகளை எண்ணினார், காயங்களை எண்ணவில்லை. எண்ணிக் காட்டியவரோ, அந்த எண்ணால் பயனடைபவர்.

இனி இரண்டாம் கணக்கு. மூன்றாம் மைசூர்ப் போரில், 1790இல், கும்பினிப் படை திண்டுக்கல் கோட்டையைக் கைப்பற்றிற்று. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் நாட்டில் ஏறக்குறையப் பாதியையும், 3 கோடியே 30 இலட்சம் ரூபாயையும் தரவேண்டியதாயிற்று. பிணையாகத் தம் மைந்தர் இருவரையும் ஒப்படைத்தார். பாதி நாடு என்பது பரப்பளவில் பாதி அன்று, வருவாயில் பாதி. ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை கண்டீரவ வராகன் என்று ஒரு பட்டியல் எழுதப்பட்டது. அதில் திண்டுக்கல்லும் பழனி விருப்பாட்சியும் சேர்ந்து இரண்டு தாலுக்காக்கள், 90,000 வராகன்.

இந்த 90,000 எதனுடைய எண்? குடியானவன் அவ்வாண்டு கட்டிய பணமா, அன்றி மைசூர்ப் பதிவேட்டில் 'வரவேண்டியது' என்று எழுதப்பட்ட தொகையா? இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவு சிறிதன்று. வருவாயைக் கொண்டு நிலம் பிரிக்கப்படும்போது, கொடுக்கும் நிலத்தின் மதிப்பு ஏட்டில் உயர்ந்திருப்பது கொடுப்பவனுக்கு இலாபம். வாங்கியவனோ, ஏட்டில் உள்ளதை வசூலித்துக் காட்டவேண்டிய கட்டாயத்தில் இருப்பவன். இடையில் அகப்பட்டது, சிறுமலைக்கும் பழனி மலைக்கும் இடையே கிணற்றையும் கண்மாயையும் வானத்தையும் நம்பிக் கம்பும் சோளமும் விளைவித்த சமவெளி.

கும்பினியாரின் கலெக்டர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். 1796இல் வந்த ஹர்டிஸ் நிலத்தை அளந்து தரம் பிரித்தார். 1802இல் சென்னை மாகாணத்துக்கு நிலையான வரிச்சட்டம் வந்தபின், திண்டுக்கல் பகுதியின் அரசு நிலம் நாற்பது ஜமீன்களாகக் கூறுபோடப்பட்டு ஏலத்துக்கு வந்தது. பழைய பாளையங்கள் அல்ல இவை. காகிதத்தில் கோடு கிழித்து உண்டாக்கிய புதிய ஜமீன்கள். ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் என்றென்றைக்கும் இத்தனை கட்டவேண்டும் என்று தொகை வகுக்கப்பட்டது. மழை பொய்த்தது. தொகை பொய்க்கவில்லை. பத்தாண்டு ஆவதற்குள் அவற்றில் மிகப்பெரும்பாலானவை நிலுவையில் வீழ்ந்து, அரசின் கைக்கே திரும்பி வந்தன. மதிப்பீடு அளவுக்கு மீறியது என்பதை அவ்வரசின் சொந்த ஆவணங்களே பிற்பாடு ஒப்புக்கொண்டன. ஏலம் நடந்த நாளில் கணக்கைப் பார்த்தவர்க்கு அது அரசின் வெற்றியாகத் தோன்றியிருக்கும். நிலுவைப் பட்டியலைப் பார்த்தவர்க்குத்தான் உண்மை புலப்பட்டது. அப்பட்டியல் எழுதப்படுமுன் எத்தனை ஏர்மாடுகள் சந்தைக்குப் போயின என்பதற்கு மட்டும் எவரும் கணக்கு வைக்கவில்லை.

இவ்விடத்தில் ஹிஜ்ரி 23ஆம் ஆண்டு மதீனாவில் நிகழ்ந்த ஓர் உரையாடல் நினைவுக்கு வருகிறது. ஈராக் நிலங்களை அளந்து வரி விதித்துத் திரும்பிய உஸ்மான் இப்னு ஹுனைஃப், ஹுதைஃபா இப்னுல் யமான் (ரலி) ஆகிய இருவரையும் நிறுத்தி, கலீஃபா உமர் (ரலி) கேட்டது ஒரே கேள்விதான்: அந்நிலம் தாங்கவியலாத சுமையை அதன்மேல் ஏற்றிவிட்டீர்களோ? தாங்கும் அளவே விதித்தோம் என்று அவர்கள் கூறினர். கலீஃபா அத்துடன் விடவில்லை. மீண்டும் எண்ணிப் பாருங்கள் என்று திரும்பவும் அதனையே வினவினார். சில நாட்களுக்குள் அப்பெருமகனார் பள்ளிவாசலில் கத்திக்குத்துக்கு ஆளானார் என்று புகாரி ஷரீஃபிலே காண்கிறோம். எவ்வளவு திரண்டது என்று அவர் முதலில் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், ஹாரூன் அர்ரஷீதின் தலைமைக் காஜியாயிருந்த இமாம் அபூ யூசுஃப் (ரஹ்), அம்மன்னருக்கென எழுதிய 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலில் இதனைச் சட்டமாகவே விரித்தார். நில அளவுக்கு இத்தனை என்று நிலையான தொகை விதிப்பதைவிட, விளைச்சலில் பங்கு கொள்வதே நீதி என்றார். விலை ஏறினாலும் இறங்கினாலும், நிலையான தொகை இரு தரப்பில் ஒருவரை வருத்தும் என்பது அவர் காரணம். வரி வசூலைக் குத்தகைக்கு விடுவதையும் கண்டித்தார். குத்தகைக்காரன் தான் ஒப்புக்கொண்ட தொகைக்காக மக்களைக் கசக்கிப் பிழிவான் என்றார். திண்டுக்கல்லில் நாற்பது ஜமீன்களை ஏலம் கூறுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதன் முடிவு எழுதப்பட்டிருந்தது எனலாம். கும்பினியாரிலும் கண் திறந்த ஒருவர் இருந்தார். 1792இல் கிடைத்த பாராமகாலில் பணி பயின்ற தாமஸ் மன்றோ, 1807இல் தாம் வரி வகுத்த ஒப்படைப்பு மாவட்டங்களில் 25 விழுக்காடு குறைத்தாலன்றி உழவர் நிலைக்கமாட்டார் என்று எழுதினார். பணமுடையைக் காட்டி மேலிடம் அதனை அப்போது ஏற்கவில்லை.

ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லும் உட்பட்ட மதுரை மாவட்டத்தைப் பதினாறு ஆண்டுகள் ஆண்ட ரௌஸ் பீட்டரை மக்கள் 'பீட்டர் பாண்டியன்' என்று கொண்டாடினர். மீனாட்சியம்மன் கோயிலுக்கு அவர் தந்த பொன் அங்கவடிகளைப் பற்றி இன்றும் பேசுவர். 1828இல் அவர் மறைந்தபின் கருவூலத்தைத் திறந்து எண்ணியபோது பெருந்தொகை குறைந்தது. அரசுப் பணத்தைக் கையாண்டதாக அவரே முன்னர் எழுதிவைத்த வாக்குமூலமும் கிடைத்தது. அத்தனை ஆண்டும் கணக்குகள் சென்னைக்குச் சென்றுகொண்டுதான் இருந்தன. பெட்டியைத்தான் எவரும் எண்ணவில்லை.

வரவில் நேர்ந்த இப்பிழை செலவில் வேறு வடிவம் கொள்ளும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்துக்குப் பின், லிட்டன் பிரபுவின் அரசு பஞ்சக் காப்பு நிதி என்று ஒன்றை அறிவித்தது. இனி ஒரு பஞ்சம் வந்தால் மக்களைக் காக்க ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றனர். அதற்காகவென்றே வணிகர்மீது உரிம வரி வந்தது. சென்னை மாகாணத்திலும் 1878இல் அது சட்டமாயிற்று. கடை வைத்திருந்த நம் முன்னோரும், பசித்தவன் பேரால் கேட்கிறார்கள் என்று கொடுத்திருப்பர். அதே ஆண்டில் ஆப்கானியப் போர் மூண்டது. 1879ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பஞ்சக் காப்பு ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது. வரி நிறுத்தப்படவில்லை. வரியின் பெயரைப் படித்தவர் ஏமாந்தார். செலவுத் தலைப்பைப் படித்தவர் கேள்வி எழுப்பினார்.

இன்னொரு வகை ஏமாற்றம், எண் சரியாயிருந்தும் நேர்வது. 1901 மார்ச்சில் கர்சன் பிரபு தம் நிதி உரையில், 1880இல் தலைக்கு 27 ரூபாயாயிருந்த இந்தியரின் ஆண்டு வருமானம் 30 ரூபாய் ஆகிவிட்டதென்று கூறி, நாடு முன்னேறுகிறது என்றார். மூன்று ரூபாய் கூடியது என்று சொன்னவர், அந்த ரூபாய் எவ்வளவு தானியம் வாங்கிற்று என்பதையும் உடன் சொல்லியிருக்கவேண்டும். வில்லியம் டிக்பி என்னும் ஆங்கிலேயர், பஞ்ச காலத்தில் சென்னையில் பத்திரிகாசிரியராயிருந்தவர், அரசின் விளைச்சல் புள்ளிவிவரங்களையே எடுத்துக் கூட்டி, தலைக்கு 20 ரூபாயைக்கூட எட்டாது என்று அவ்வாண்டிலேயே ஒரு பெருநூல் எழுதி மறுத்தார். அவர் எண்ணும் குறையற்றதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அரசு தந்த முடிவை விட்டு, அரசு தந்த விவரங்களைத் தொட்டார் அல்லவா, அதுவே வழி. தஞ்சையிற் பிறந்து மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் தம் கடைசி நாட்களைக் கழித்த ஜே. சி. குமரப்பாவும், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது இந்திய அரசின் செலவுகளைத் தலைப்புவாரியாகப் பிரித்துப் பார்த்தே நாட்டின் வறுமைக்குக் காரணம் கண்டார். பின் குஜராத்தின் மாதர் தாலுக்காவில் வீடுவீடாக வருமானக் கணக்கும் எடுத்தார்.

நம் காலத்துக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட நிதி வெள்ளை அறிக்கையில், ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன் உள்ளது என்றிருந்தது. கேட்டவர் திடுக்கிட்டனர். மாநிலத்தின் மொத்தக் கடனாகிய சுமார் 5.70 இலட்சம் கோடியைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்த ஈவு அது. வகுத்தல் பிழையன்று. ஆயினும் கடனைச் சொல்லும்போது மாநிலத்தின் ஆண்டு உற்பத்தி எவ்வளவு, கடன் வாங்கிய பணம் அணைக்கும் சாலைக்கும் சென்றதா, சம்பளத்துக்கும் வட்டிக்கும் சென்றதா என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தாலன்றி, அந்த ஈவு அச்சத்தைத் தருமேயன்றி அறிவைத் தராது. பெருமைக்குச் சொல்லும் எண்ணாயினும் இதே அளவுகோல்தான். சென்ற ஆண்டைவிட இத்தனை கோடி அதிகம் ஒதுக்கினோம் என்போரிடம், விலைவாசி எவ்வளவு ஏறிற்று, மக்கள்தொகை எவ்வளவு கூடிற்று என்று கேட்கவேண்டும்.

வரவு செலவு ஏட்டில் ஒவ்வொரு தலைப்புக்கும் வரும் ஆண்டின் மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். உரையில் முழங்குவது முதலாவது. நாற்பது ஜமீன்களின் ஏலத்தொகை போன்றது அது. உண்மைக் கணக்குப் பத்தியைப் பேசுவோர் குறைவு. அதையும் வெளியார் ஒருவர் எண்ணிப் பார்க்கத்தான் அரசியலமைப்பு கணக்குத் தணிக்கைத் தலைவர் என்னும் பதவியை வைத்திருக்கிறது. அவர் அறிக்கை 151ஆம் பிரிவின்படி சட்டமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. ஒதுக்கியும் செலவிடாத தொகை எவ்வளவு, ஒன்றுக்கென வாங்கி வேறொன்றுக்குச் செலவானது எது என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்த முறை நம் மாவட்டத்துக்கு இத்தனை கோடி என்று செய்தித்தாளில் கண்டால் அதனை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாண்டு கழித்து அதே தலைப்பில் உண்மைக் கணக்கு வெளிவரும்போது அருகில் வைத்துப் பாருங்கள்.