காரியாபட்டி வட்டாரத்தில் சிறப்புக் குழந்தைகள் நலம்: சட்டமும் சேவையும்

வானம் பார்த்த பூமி நம்முடையது. மானாவாரி வெள்ளாமையையும் ஆடு மாடுகளையும் நம்பி வாழ்ந்த காரியாபட்டி வட்டாரத்தில், ஊனத்தோடு பிறந்த பிள்ளையைப் பேணும் பாரம் நெடுங்காலம் தாயின் இடுப்பிலேயே இருந்தது. அந்தப் பாரத்தில் அரசும் தோள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. அவ்வரலாற்றை இம்மலரில் பதிவு செய்வதில் பெருமை கொள்கிறோம்.

குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றுவதில் சென்னை மாகாணமே நாட்டுக்கு முன்னோடி. 1920இல் சென்னைச் சிறார் சட்டம் வந்தது. 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் தாய் சேய் நலத்தை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. இவற்றுக்கும் முன்னரே பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகளை நிறுவியிருந்தனர் கிறிஸ்தவ மிஷனரிப் பெண்மணிகள். 1953இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சிறப்புக் குழந்தைகளுக்கான பால விகாரைத் தொடங்கினார்.

நம் மண்ணின் மைந்தர் காமராஜர் முதல்வராக இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. ஊனமுற்ற குழந்தைகளும் பொதுப் பள்ளியில் பயில 1974இல் மத்திய அரசு திட்டம் வகுத்தது. சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981இல், கழுத்துக்குக் கீழ் செயலிழந்த நிலையிலும் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார் எஸ். ராமகிருஷ்ணன். தென் மாவட்டங்களுக்கே வழிகாட்டிய தியாகம் அது. 1985இல் நம் விருதுநகர் மாவட்டம் உருவானது.

தொண்ணூறுகள் சட்டங்களின் காலம். 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் கழகச் சட்டம் சிறப்பாசிரியர்களின் பயிற்சிக்கு நெறி வகுத்தது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்தது. 1999இல் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் உடையோருக்காகத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 1995இல் நாடெங்கும் தொடங்கிய சொட்டு மருந்து முகாம்களின் பயனாக, 2004க்குப் பின் தமிழகத்தில் இளம்பிள்ளை வாதம் ஒழிந்தது.

2001இல் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கம் சிறப்புக் குழந்தைகளுக்கான சேவைகளை வட்டார வள மையம் வரை கொண்டு வந்தது. மருத்துவ முகாம் நாளில் எலும்பு, கண், காது, மனநல மருத்துவர்கள் ஆளுக்கொரு மேசையில் அமர்வார்கள். பிள்ளையை இடுப்பில் தூக்கியபடி பேருந்தில் வந்திறங்கும் தாய், மேசை மேசையாகச் சென்று சான்றிதழ் பெறுவார். காலிப்பருக்கும் காது கேட்கும் கருவிக்கும் அங்கேயே அளவெடுப்பார்கள். முகாமுக்கு வர இயலாத பிள்ளையின் வீட்டுத் திண்ணையைத் தேடிச் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் செல்வார்கள். கத்திரி வெயிலிலும் கிராமம் கிராமமாக அலைந்த அவர்களின் உழைப்பு நன்றியோடு நினைக்கத் தக்கது.

2013இல் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் வந்தது. நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் சென்று, பிறவிக் குறைபாட்டையும் வளர்ச்சித் தாமதத்தையும் கண்டறியத் தொடங்கின. மேல்சிகிச்சைக்கு மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 7 வகை ஊனங்களை 21 ஆக்கியது. தலசீமியா, ஹீமோபிலியா போன்ற ரத்த நோய்களும் அதில் இடம்பெற்றன. ஆண்டுக்கு ஒரு முறையேனும் குழந்தைகளைப் பரிசோதிப்பதை அச்சட்டத்தின் 25ஆம் பிரிவு அரசின் கடமையாக வைத்தது. அதற்கான தமிழ்நாட்டு விதிகள் 2018இல் வெளிவந்தன.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தது. 2022இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2023 முதல் பராமரிப்பு உதவித்தொகை மாதம் ரூ.2,000 ஆனது. 2025இல், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கத் தமிழக சட்டமன்றம் சட்டத்திருத்தங்களை நிறைவேற்றியது.

இத்தனை சட்டங்களும் நம் பிள்ளைகளுக்காகவே. கழுத்து நிற்கவோ, நடக்கவோ, பேசவோ குழந்தைக்குத் தாமதமானால் நாள் கடத்தாமல் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். ஆறு வயதுக்குள் கிடைக்கும் பயிற்சியே பெரும்பயன் தரும் என்பதை அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.